முன்பணம் வாங்கிவிட்டோம், தம்பியை எப்படி மீட்பது?

மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சிலதை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 24 வயது, தையல் வேலை. அப்பா இல்லை. தம்பி ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். 14 மாதம் முன்பு, தம்பிக்கு 15 வயது இருக்கும்போது, மாமா முறை ஆகும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மகாராஷ்டிராவில் முறுக்கு கம்பெனி வேலை என்று சொல்லி 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்து அவனைக் கூட்டிப்போனார். மாதம் 9,000 சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் என்று பேச்சு. இதுவரை வீட்டுக்கு வந்தது இரண்டு தவணையாக 11,000. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன், அதுவும் முதலாளி பக்கத்தில் இருக்க, ஸ்பீக்கரில். பொங்கலுக்கு அனுப்பச் சொன்னதற்கு "கணக்கு முடியட்டும்" என்றார்களாம். போன மாதம் பேசும்போது, "அக்கா, கையில எண்ணெய் கொட்டிருச்சு" என்று தம்பி ஆரம்பித்ததுமே லைன் கட். முன்பணத்தோடு ரயில் டிக்கெட், சாப்பாடு, மருந்து எல்லாம் சேர்த்து 65,000 கட்டினால் பையனை விடுவதாக இப்போது மாமா சொல்கிறார். காவல் நிலையத்தில் கேட்டதற்கு, "வேற ஸ்டேட்ல நடக்குது, அங்க போய் புகார் குடும்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் கேட்பது இது: வட்டிக்கு வாங்கியாவது 65,000-ஐக் கட்டிவிடலாமா? அம்மா முத்திரைத்தாளில் கைரேகை வைத்திருக்கிறார், புகார் கொடுத்தால் அவரையும் பிடித்துக்கொண்டு போவார்களா? கடைசியாக, கோபத்தோடு ஒரு வரி: "நம்ம மாநிலத்தில் இதுக்கெல்லாம் சட்டமே கிடையாதா சார்? ஏஜென்ட்களைத் தூக்கில் போடுகிற மாதிரி ஒரு சட்டம் கொண்டுவரக் கூடாதா?"

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த 65,000. கட்டாதீர்கள். வட்டிக்கு வாங்கியும் வேண்டாம், நகையை அடகு வைத்தும் வேண்டாம். மனசாட்சி உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், "வாங்கின காசு வாங்கினதுதானே" என்று. ஊர் நியாயம் அப்படித்தான் சொல்லும். ஆனால் 1976-ல் வந்த கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. உழைப்பை ஈடு வைத்து வாங்கிய கடன் கொத்தடிமைக் கடன் என்றால், அந்தக் கடனே இல்லாமல் போய்விடுகிறது. தள்ளுபடி செய்யுங்கள் என்று யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, சட்டமே அதை அழித்துவிட்டது. அழிந்துபோன கடனுக்கு யாராவது பணம் வாங்கினால், வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறை. மாமா உங்களிடம் 65,000 கேட்கிறாரே, வாங்கினால் அது அவர் செய்யும் இன்னொரு குற்றம்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அவர்களே பேசிய 9,000-ப்படி 14 மாதத்துக்கு 1,26,000 ரூபாய். முன்பணமும் அனுப்பியதும் சேர்ந்து 51,000. மீதி 75,000 உங்கள் தம்பிக்கு வர வேண்டியது. கடன்காரர் யார், நீங்களா அவர்களா?

கட்டாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பணம் கட்டிய பிறகும் பையன் வராத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். "இந்த மாதம் ஆள் இல்லை, அடுத்த மாதம் அனுப்புகிறேன்" என்று இழுப்பார்கள், நடுவில் பையனை வேறு ஊரில் இருக்கும் இன்னொரு கம்பெனிக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே நீங்கள் புகார் கொடுக்கப் போவது மாமாவுக்கு ஒரு நாள் முன்னாடிகூடத் தெரியக் கூடாது. "ஏற்பாடு பண்ணிக்கிட்டிருக்கோம் மாமா" என்று சொல்லிக்கொண்டிருங்கள், போதும்.

அம்மாவின் சம்மதம்

"நாங்களே சம்மதித்து அனுப்பியதால் இது கடத்தல் ஆகாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கடத்தல் என்றால் வாயில் துணியைக் கட்டி வேனில் தூக்கிப்போடுவது என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. நிஜத்தில் கடத்தல்காரர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார், சொந்தமாகவும் இருப்பார், பஸ் ஸ்டாண்டில் பையனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துத்தான் ரயில் ஏற்றுவார்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-தான் இப்போது இந்த எண்ணில் இருக்கிறது. சுரண்டும் நோக்கத்தோடு ஓர் ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது எல்லாம் இதில் அடங்கும். எந்த வழியில் செய்தால் குற்றம் என்ற பட்டியலில் மிரட்டல், பலாத்காரம், ஏமாற்று ஆகியவற்றோடு, அந்த ஆள் யாருடைய பொறுப்பில் இருக்கிறாரோ அவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதும் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்குக் கொடுத்த 40,000 அதேதான்! பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒரு சிறுவனைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஒன்றுக்கு மேற்பட்ட சிறுவர் என்றால் குறைந்தது 14 ஆண்டு. அந்தக் கம்பெனியில் உங்கள் தம்பி மட்டும் இருக்க மாட்டான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அம்மாவைப் பிடித்துக்கொண்டு போவார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். ஆபத்து துளிகூட இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிள்ளையை விற்பது குற்றம் என்று சிறார் நீதிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் காட்டி மிரட்டிப் பார்ப்பார். ஆனால் உங்கள் அம்மா பிள்ளையை விற்கவில்லை. சம்பளம், சாப்பாடு என்று சொன்னதை நம்பி, ஏமாந்து அனுப்பியவர். புகாரை அவரே கொடுக்க வேண்டும், முன்பணம் வாங்கியதை மறைக்காமல் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்து, அது குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால்தான் சங்கடம். முத்திரைத்தாளைப் பற்றிக் கவலையே வேண்டாம். கொத்தடிமை வேலைக்காக எழுதிய எந்த ஒப்பந்தமும் செல்லாது. அது இப்போது உங்கள் பக்கத்துச் சாட்சி, நகல் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

"வேற ஸ்டேட்டு, அங்க போ"

இது தப்பு, சொன்னவருக்கும் தெரிந்திருக்கும். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், பதிவு செய்தே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இது, பேச்சில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். உங்கள் விஷயத்தில் அந்த ஜீரோகூடத் தேவையில்லை. ஆசை காட்டியது, பணம் கொடுத்தது, ரேகை வாங்கியது, பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது எல்லாம் உங்கள் ஊரிலேயே நடந்திருக்கின்றன. குற்றத்தின் பாதி இங்கே நடந்திருக்கிறது, வழக்கை இங்கேயே நடத்தலாம்.

நிலையத்தில் மறுபடியும் அனுப்பிவிட்டால் வாக்குவாதம் செய்யாதீர்கள். அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) போகலாம். அதே நாளில் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு, ஆட்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு ஒரு நகல், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன். ஆட்சியர் எதற்கு என்றால், கொத்தடிமைச் சட்டப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் அவர்தான், அந்த மாநிலத்து ஆட்சியரோடு பேச வேண்டியவரும் அவர்தான். ஓரிரு வாரத்தில் எதுவும் நகரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், பிடித்துவைத்திருக்கும் ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்கள், சிறுவர்கள், ஆட்கடத்தலில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள்.

புகாரில் என்னென்ன பிரிவுகள் போடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள், இந்த இடத்தில்தான் பல வழக்குகள் சறுக்குகின்றன. பையனுக்கு 16 வயது. குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே என்றால் எந்த வேலையும் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்கள் மட்டும்தான் தடை. "அவனுக்கு 16 ஆச்சே, வேலை பார்க்கலாமே" என்று முதலாளி அதைக் காட்டித் தப்பப் பார்ப்பார். 18 வயதுக்குக் கீழே இருப்பவரைக் கொத்தடிமையாக வைத்திருந்தாலோ சம்பளத்தைப் பிடித்துவைத்தாலோ 5 ஆண்டு வரை சிறை என்று சிறார் நீதிச் சட்டத்தின் 79-வது பிரிவு இருக்கிறது, சரி. ஆனால் 2021-ல் வந்த ஒரு திருத்தம், 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனை உள்ள அந்தச் சட்டத்துக் குற்றங்களில் நடுவரின் உத்தரவில்லாமல் போலீஸ் நேரடியாக வழக்குப் போட முடியாதபடி செய்துவிட்டது. பிள்ளைகளைக் காப்பாற்ற எழுதிய சட்டத்திலேயே இப்படி ஓர் ஓட்டையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆகவே 79-ஐ மட்டும் போட்டுவிட்டு உங்களை அனுப்பிவிடக் கூடாது. 143-ம், கொத்தடிமைச் சட்டமும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒரு வழக்கில் ஏதாவது ஒரு குற்றம் போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடியதாக இருந்தால் போதும், மற்றதும் அதோடு சேர்ந்துகொள்ளும். நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் அதையும் சொல்லுங்கள். கொத்தடிமை வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் தனிக் குற்றம்.

ஒரு காகிதம், அதுதான் எல்லாம்

இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வையுங்கள். மீட்டால் மட்டும் போதாது, கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அரசு எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ் கையில் வர வேண்டும்.

நடப்பது என்னவென்று சொல்கிறேன். மீட்புக் குழு போகும், கதவைத் தட்டும், பையன்களை வெளியே கொண்டுவரும். இரண்டு கையிலும் எண்ணெய்க் கொப்புளத் தழும்போடு ஒரு பையன் நிற்பான், முதலாளியும் அங்கேயே நிற்பார். அதிகாரி கேட்பார், "நீ இஷ்டப்பட்டுத்தானே வேலை பார்க்குற?" பையன் முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவான். எழுதி முடித்தாயிற்று, கொத்தடிமை இல்லை. பிறகு ஒரு ரயில் டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவைப்பார்கள், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆறு மாதம் கழித்து மாமா வாசலில் வந்து நின்று முன்பணம் என்னாச்சு என்பார், காட்ட ஒரு காகிதம் இருக்காது.

ஆகவே விசாரணை முதலாளி இல்லாத அறையில் நடக்க வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், கையை மருத்துவரிடம் காட்டிக் காயச் சான்று வாங்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிக் கேளுங்கள். கொத்தடிமை என்று ஒருவர் சொன்னால், அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது, பையனுடையது இல்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடை செய்திருக்கும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

சான்றிதழ் வந்தால் கடன் அழிந்ததற்கு அது அத்தாட்சி. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கேட்கலாம். சிறுவர்களுக்கு மறுவாழ்வுத் தொகை 2 லட்சம், கொடுமை அதிகம் என்று ஆட்சியர் கருதும் வழக்குகளில் 3 லட்சம். இதில் பெரிய தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் வர நாளாகும், அதை நம்பி இப்போதே எந்தக் கணக்கும் போட்டுவிடாதீர்கள். பிடித்துவைத்த சம்பளம் வேறு, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

தூக்குத் தண்டனை கேட்டீர்களே

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. சட்டம் கிடையாதா என்றால், மேலே பார்த்தீர்களே, ஏகப்பட்டது இருக்கிறது. மாநிலம் இன்னும் கடுமையாக்க முடியுமா என்றால், முடியும். குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது, காவல்துறை மாநிலப் பட்டியலில். மத்தியச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கலாம். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட நம் சட்டமன்றம் 2025 ஜனவரியில் அந்த வழியில்தான் போனது. ஆட்கடத்தலுக்கென்றே தனியாக ஒரு மத்திய மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமலே 2019-ல் காலாவதியாகிவிட்டது.

ஆனால் தூக்கு வேண்டாம் என்பேன். கருணையால் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள், உங்கள் மாமாவைத் தூக்கில் போடுவார்கள் என்றால் உங்கள் அம்மா சாட்சிக்கூண்டில் ஏறுவாரா? ஊர் ஏற விடுமா? இப்போதே ஆயுள் தண்டனை வரை இருக்கிறது, அது ஏட்டில் தூங்குவது கடுமை போதாமல் இல்லை. என்னைக் கேட்டால் திருத்த வேண்டியது வேறு இடங்களில். கொத்தடிமைச் சட்டத்தின் அபராதம் 1976-ல் எழுதிய அதே 2,000 ரூபாய், குற்றமும் ஜாமீனில் விடக்கூடியது. உங்கள் தம்பி வாரத்தில் பிழிகிற முறுக்கை விற்றாலே அந்தப் பணம் வந்துவிடும். அடுத்து, ஆட்கடத்தல் பிரிவை மாற்றி எழுதி 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டத்தில் சுரண்டல் என்பதன் விளக்கத்தில் "கட்டாய உழைப்பு" என்று பளிச்சென்று இருந்தது. இரண்டு மாதத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்த வார்த்தை காணாமல் போய் "உடல்ரீதியான சுரண்டல்" என்று வந்தது, புதிய சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. முறுக்கு கம்பெனி அதற்குள் வரும் என்று வாதாடி ஜெயிக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஆய்வாளரிடமும் அதை முதலிலிருந்து வாதாட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை மாநிலத் திருத்தமாகச் சேர்த்தாலே பாதி வேலை மிச்சம். வெளி மாநிலத்துக்கு ஆள் அனுப்புகிறவர் ஊராட்சியில் பெயர் பதிந்துவிட்டு அனுப்ப வேண்டும், சான்றிதழை இத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் அந்த அதிகாரி எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்பவையும் என் பட்டியலில் உண்டு. செய்தியாவதற்கு லாயக்கில்லாத சலிப்பான திருத்தங்கள்தான். என் அனுபவத்தில் பிள்ளைகள் தவறிப்போவது இந்தச் சலிப்பான இடங்களில்தான்.

சரி, உங்கள் தம்பிக்கு வருவோம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பள்ளியில் போய்ப் பிறந்த தேதிச் சான்று வாங்குங்கள். வயதுக்கு முதல் ஆதாரமாகச் சட்டம் அதைத்தான் எடுக்கும், ஆதார் அட்டையை நம்பி இருக்காதீர்கள். 11,000 வந்ததற்கான வங்கிப் பதிவு, அது யாருடைய கணக்கிலிருந்து வந்தது என்ற விவரம், மாமாவின் வாட்ஸ்அப் குரல்பதிவுகள், 65,000 கேட்ட செய்தி எதையும் அழிக்காமல் இன்னொரு போனிலும் ஏற்றி வையுங்கள். முதலாளியும் நம் பக்கத்து ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம், வடக்கே முறுக்கு கம்பெனி நடத்துகிறவர்களில் பலர் இங்கிருந்து போனவர்கள். அவருடைய சொந்த ஊர் தெரிந்தால் அது பெரிய துருப்பு.

புகார் கொடுத்த மறுநாளே ஊரில் நாலு பேர் சமாதானத்துக்கு வருவார்கள். "சொந்தத்துக்குள்ள எதுக்கு கேஸு, பையன் வந்தா போதாதா" என்பார்கள், ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் கேட்பார்கள். போடாதீர்கள். 143-ல் சமாதானம் பேசி முடித்துக்கொள்ள சட்டத்தில் இடமில்லை, அந்தக் காகிதம் நாளைக்கு உங்கள் சாட்சியத்தைக் கெடுக்க மட்டுமே உதவும். மிரட்டல் வந்தால் அதையும் எழுத்தில் கொடுங்கள், சாட்சிகளைப் பாதுகாக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்ற திட்டம் இருக்கிறது, மாவட்ட அளவிலேயே மனு போடலாம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன். முதலாளி பக்கத்தில் இருப்பார் என்பதை மறந்துவிட்டு அழுதுவிடாதீர்கள், அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். முகவரி கேட்காதீர்கள், கம்பெனி பெயர் கேட்காதீர்கள். தம்பி "ஆமா", "இல்ல" என்று மட்டும் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். ராத்திரி ரயில் சத்தத்தில் தூக்கம் கெடுதா? பக்கத்தில் கோயில் மணி கேட்குமா? போன தடவை பேசின அதே இடத்தில்தான் இருக்கியா? உன் வயசுப் பசங்க அஞ்சு பேருக்கு மேல இருக்காங்களா? சாதாரண அக்கா பேச்சு மாதிரியே இருக்கட்டும். வைத்த உடனே தேதி, நேரம், எந்த எண்ணிலிருந்து வந்தது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கை எப்படி இருக்கு என்று மட்டும் நேராகவே கேட்கலாம், அக்கா அதைக் கேட்காமல் இருந்தால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.